ரொசாலியாவின் கூடை இறங்காத காலை

சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்கே சோறு போடுவது என் சித்தி எழிலரசிதான். அவள் ஒரு நாள் லீவு போட்டால் கோல்டன் கேட் பாலம் பசி தாங்காமல் கடலில் உட்கார்ந்துவிடும். நார்த் பீச்சில் இருக்கிற இத்தாலிக்காரர்கள் அத்தனை பேரும் கப்பலேறி வந்ததே அவள் கையால் ரொட்டி வாங்கத்தான். என்ன, நூறு வருஷம் முன்கூட்டியே வந்துவிட்டார்கள்.

உண்மை கொஞ்சம் சின்னது. சித்திக்கு ஊர் கோபிச்செட்டிப்பாளையம். கல்யாணமாகி, சான்பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்திலிருக்கிற டப்ளினுக்கு வந்தவள். சரியான பயந்தாங்கொள்ளி. ஃப்ரீவே பயம், லைசென்ஸ் இருந்தும் ரயிலில்தான் வேலைக்குப் போவாள். ஸ்மோக் அலாரம் பயம். எல்லா ஜன்னலையும் திறந்துவைத்துவிட்டுத்தான் கடுகு தாளிப்பாள். வேலை, நார்த் பீச்சில் டோனி என்கிற பெரியவரின் பேக்கரியில். சனிக்கிழமைகளில் என்னை வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கும் தைரியமில்லை என்பதால் அம்மா என்னையும் கூட அனுப்பிவிடுவாள்.

பேக்கரிக்கு மேலே மூன்றாவது மாடியில் ரொசாலியா தனியாக இருக்கிறாள். நேப்பிள்ஸ்காரி, எண்பதைத் தாண்டியவள். தன் ஊர் வழக்கப்படி தினமும் காலையில் ஜன்னலிலிருந்து கயிற்றில் ஒரு கூடையை இறக்குவாள். சித்தி அதில் சூடான ரொட்டியை வைத்துக் கயிற்றை இழுத்துக் காட்டுவாள். கூடை மேலே போகும். ஜன்னலில் ஒரு கை ஆடும். இருவர் இங்கிலீஷையும் சேர்த்தால் ஒரு ஆளுக்குக்கூடப் பத்தாது. ஆனாலும் மழை வருமா வராதா என்று தெருவுக்கும் மாடிக்குமாகச் சண்டை போடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை கூடை இறங்கவில்லை.

ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. சித்தி நடைபாதையில் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். டோனி மாவுக் கையோடு வெளியே வந்தார்.

"நேற்று ரொட்டி எடுத்தாளா?"

"எடுத்தாங்க. கோயில் பூவும் வைத்து அனுப்பினேன்."

வியாழக்கிழமை லிவர்மோர் கோயிலில் கொடுத்த பூ. மிச்சத்தைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். மஞ்சள் சாமந்தி. டோனி அதைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். நெற்றியெல்லாம் மாவு.

"எழில், எங்கள் ஊரில் இது கல்லறைக்கு வைக்கிற பூ. உயிரோடு இருப்பவர்களுக்கு யாரும் கொடுக்கமாட்டார்கள்."

சித்தி மறுபடி அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தாள்.

"அய்யோ கண்ணு, அந்தம்மாவுக்கு நானே நாள் குறிச்சுட்டனே!"

"சில் பண்ணு சித்தி. பூவைப் பாத்து யாராவது சாவாங்களா?"

"பயத்துல நெஞ்சு நின்னிருந்தா? தனியா இருக்கறவங்கடா."

டோனி ரொசாலியாவுக்குப் போன் போட்டார். மேலே மணி அடிப்பது ஜன்னல் வழியே தெருவுக்கே கேட்டது. அடித்தது, அடித்தது, நின்றது. யாரும் எடுக்கவில்லை.

டோனிக்கு முட்டி சரியில்லை, படியேற முடியாது. சித்திதான் ஏறினாள். துணைக்கு ஆள் வேண்டுமே என்று நானும் போனேன். படிக்கட்டு இருட்டு. பழைய பூண்டு வாசனை. சுவரிலிருந்த புனிதர் படங்கள் எங்களையே பார்த்தன. சித்தியின் கை நடுங்கியது. "முருகா, முருகா" என்று முனகிக்கொண்டே ஏறினாள்.

கதவைத் தட்டினாள். பதில் இல்லை. "ரொசாலியா ஆண்ட்டி!" மறுபடி தட்டினாள். ஒன்றுமில்லை. கதவில் காதை வைத்தாள்.

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது.

"யார்?"

"எழில். பேக்கரி எழில்."

"கூட யார்? கறுப்பாக ஒன்று வந்து நிற்கிறதே, கதவு ஓட்டையில் தெரிகிறது."

அன்று நான் போட்டிருந்தது கறுப்பு ஹூடி. தலைவரை மூடியிருந்தேன். நெஞ்சில் மண்டையோடு வேறு.

"கழட்டித் தொலைடா அத!" என்றாள் சித்தி.

கதவு சங்கிலியோடு திறந்து, அப்புறம் முழுதாகத் திறந்தது. ரொசாலியா சர்ச்சுக்குப் போகும் உடையில், ஷூவோடு, ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன் மணியும் சாவு தன்னைக் கூப்பிடுகிற அழைப்பு என்றுதான் எடுக்கவில்லையாம். சமையலறைத் தொட்டியில் ஒரு பாத்திரம் கவிழ்ந்திருந்தது. மேலே பாரத்துக்கு இஸ்திரிப் பெட்டி. எலியைப் பிடித்துவைத்த மாதிரி, உள்ளே சாமந்தி.

"நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன், எழில்?"

சித்திக்கு அழுகை வந்தது, இங்கிலீஷ் வரவில்லை. கையிலிருந்த பூவை எடுத்துத் தன் தலையில் செருகிக்கொண்டாள். "காட் ஃப்ளவர். யுவர் லெக் பெயின். ஐ ப்ரே" என்றாள்.

ரொசாலியா ஒரு விநாடி பார்த்தாள். அடுத்த விநாடி பாய்ந்து வந்து அந்தப் பூவைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். "நீ வைக்காதே! நீ சின்னப் பெண்!" என்று கத்தி, சித்தியைக் கட்டிக்கொண்டாள். கீழே பூ விழுந்ததைப் பார்த்த டோனி "ரொசாலியா!" என்று அலறினார். அவருக்குப் பதில் சொல்ல, வெறுங்கூடை சரசரவென்று இறங்கியது.

திரும்பும் ரயிலில் இதையெல்லாம் போனில் எழுதிக்கொண்டிருந்தேன். சித்தி எட்டிப் படித்தாள்.

"படியில என் கை நடுங்குச்சா?"

"பின்ன? நான்தானே பாத்தேன்."

அவள் துப்பட்டாவின் ஓரத்தை எடுத்து என் மடியில் போட்டாள். கசங்கிச் சுருண்டு, இன்னும் ஈரமாக இருந்தது.

"ஏனுங் சார், 'வேண்டாம் சித்தி, அவங்க செத்திருப்பாங்க, நான் பாக்கமாட்டேன்'னு இதுல மூக்கைத் தொடச்சது யாருங்? அதையும் சேர்த்து எழுதுங்."