பதினொரு பெயர் எழுதிய கொப்பி

எண்பத்தெட்டாம் ஆண்டு, மாரி மழைக்கு முந்திய வெக்கை நாட்கள். யாழ்ப்பாணத்துக் கடற்கரையில், குருநகரில் எங்கள் வீடு. எனக்கு இருபது வயது. படிப்பு அரைகுறை, வேலை இல்லை, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊரடங்கு. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி நான்தான். அந்த நாட்களில் நான் ஒரு காற்பந்து அணிக்கு முகாமையாளராக இருந்தேன். அணி முழுவதும் ஒரு எண்பது பக்கக் கொப்பிக்குள் இருந்தது.

லண்டனுக்குப் போன உறவுக்காரன் ஒருவன் கடிதம் போட்டிருந்தான். அங்கே கம்பியூட்டரில் ஒரு விளையாட்டாம். பந்தை நாம் உதைப்பதில்லை. எவனை எங்கே நிறுத்துவது, எப்படித் தாக்குவது என்று தீர்மானிப்பதுதான் வேலையாம். எங்களிடம் கம்பியூட்டர் இல்லை, கரண்டும் நினைத்த நேரத்தில்தான் வரும். கொழும்புத்துறையில் இருந்த என் மாமா மகனும் நானுமாக அதைக் காகிதத்தில் செய்தோம். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஓட்டம், உதை, மூச்சு என்று மூன்று எண்கள். லூடோப் பெட்டியில் இருந்த இரண்டு பகடைக் கட்டைகளை உருட்டி, விழுந்ததை அந்த எண்ணோடு கூட்ட வேண்டும். எதிராளியின் கூட்டலை விட அதிகம் வந்தால் பந்து முன்னேறும். ஓடுகிறவனுக்கு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மூச்சில் ஒன்று கழியும்.

முதலில் நான் அழகாக விளையாடப் பார்த்தேன். பந்தை ஆள் மாற்றி ஆள் மாற்றி, காலுக்குக் கால் கொடுத்து, ஏழு ஆட்டம் தொடர்ந்து தோற்றேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது. பாஸ் கொடுத்தால் இரண்டு தரம் கட்டை உருட்ட வேண்டும், இரண்டு தரமும் பிழைக்கலாம். ஓடினால் ஒரு தரம்தான். மூன்று வேகக்காரரை இடது பக்கம் நெருக்கி நிறுத்தினேன். இரண்டு பேர் பந்தில்லாமல் முன்னால் ஓடித் தடுப்பாளரை இழுத்துக்கொண்டு போக, திறந்த வழியால் மூன்றாமவன் பந்தோடு பாய்வான். மறுபடி ஓட்டம், மறுபடி ஓட்டம். அதன் பிறகு மாமா மகன் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. எனக்குத் தலை கால் தெரியவில்லை.

அந்தத் தலைக்கனத்தில் ஒரு வேலை செய்தேன். ஆட்டக்காரருக்கு வெறும் இலக்கம் போடுவது அலுப்பாக இருந்தது. எங்கள் ஊர்ப் பொடியன்கள் பதினொரு பேரின் உண்மைப் பெயர்களையே எழுதினேன். பக்கத்தில் குறிப்பும் எழுதினேன். முன்வரிசைக்காரன் எங்கள் அடுத்த வீட்டுக்காரன், என் வயது, தகப்பனோடு கடலுக்குப் போகிறவன். அவன் பெயருக்கு நேரே, "ஓட்டம் 9. பயமில்லை. யார் நின்றாலும் உடைத்துக்கொண்டு உள்ளே போவான்" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

ஒரு நாள் முற்பகல், கொப்பியைச் சைக்கிள் கரியரில் செருகிக்கொண்டு கொழும்புத்துறைக்குப் புறப்பட்டேன். பாசையூர் தாண்டியதும் இந்திய ராணுவத்தின் சென்றி, சோதனைச் சாவடி. வழமைபோல் தூரத்திலேயே இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், அடையாள அட்டையை நீட்டினேன். சிப்பாய் அட்டையைப் பார்த்துத் திருப்பித் தந்தான். பிறகு கரியரைப் பார்த்தான். கொப்பியை உருவி, நடுப்பக்கத்தைத் திறந்தான்.

அவன் கண்ணால் நானும் அப்போதுதான் அந்தப் பக்கத்தை முதன்முதலாகப் பார்த்தேன். நீள்சதுரம் ஒன்று, இரண்டு தலைப்பிலும் வாசல். நீல வட்டங்கள், சிவப்பு வட்டங்கள். இடது பக்கத்தால் உள்ளே பாயும் தடித்த சிவப்பு அம்புகள். எதிர்ப்பக்கத்தில் வரிசையாகப் பதினொரு பெயர். ஏதோ ஒரு முகாமைத் தாக்கப் போட்ட திட்டம் போலவே இருந்தது.

சிப்பாய் குரல் கொடுக்க, மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து அதிகாரி வந்தார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் சைக்கிளை மதிலோடு சாத்தச் சொல்லி, என்னை வெயிலில் இருத்தினார்கள். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டார்கள். மீசை வைத்த, முப்பது வயது மதிக்கத்தக்க மலையாளிச் சிப்பாய்.

"இது எந்தா? இவர் எல்லாம் யாரு?" என்று கேட்டான்.

"விளையாட்டு சேர். காற்பந்து. பேரெல்லாம் சும்மா, நானா யோசிச்சு எழுதினது" என்றேன்.

அந்தப் பொய் சட்டென்று வந்துவிட்டது. என்னை ஏற்றிக்கொண்டு போனால் ஒரு ஆள். அந்தப் பெயர்கள் உண்மை என்று தெரிந்தால் பதினொரு வீடு. அவர்களில் ஒருவனுக்கும் தன் பெயர் என் கொப்பியில் இருப்பதே தெரியாது. நித்திரையில் இருக்கும்போது வாசலில் ட்ரக் வந்து நின்றால், எதற்கென்று கேட்கக்கூட அவர்களுக்கு வழியில்லை.

அதற்குள் எனக்குப் பின்னால் நாலைந்து சைக்கிள்கள் வரிசையாகிவிட்டன. மலையாளி எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பெயர்களை உரக்க வாசிக்கத் தொடங்கினான். ஒன்று. இரண்டு. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். ஒன்பதாவது பெயரை வாசித்ததும் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஓம் சேர், நான்தான்!"

திரும்பிப் பார்த்தேன். மீன்பெட்டி கட்டிய சைக்கிளோடு அடுத்த வீட்டுக்காரன் நிற்கிறான். சந்தைக்கு நண்டு கொண்டு போகிற வழியில் தன் பெயர் கேட்டிருக்கிறது. சென்றியில் பெயர் கூப்பிட்டால் உடனே ஓம் சொல்லிவிட வேண்டும், பேசாமல் நின்றால்தான் சந்தேகம் என்பது அப்போது எங்கள் எல்லாருக்கும் பழகிய விஷயம். அவனும் அதைத்தான் செய்தான். அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். பெயர் அச்சொட்டாகப் பொருந்தியது.

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. அவனையும் கொண்டுவந்து என் பக்கத்தில் இருத்தினார்கள்.

"டேய், என்னடா இது?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டான்.

"உன்ரை பேரை எழுதிப்போட்டன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

மலையாளி கொப்பியின் முன்பக்கங்களைப் புரட்டினான். அங்கே என் ஏழு தோல்விகளும் இருந்தன. 0–4, 1–5, 0–6. ஒவ்வொன்றுக்கும் கீழே நான் காரணம் எழுதியிருந்தேன்: "மழை", "கட்டை சரியில்லை", "நடுவர் கள்ளன்". நடுவர் என்றால் மாமா மகன்தான். மலையாளியின் மீசை ஒரு பக்கம் ஏறி இறங்கியது. அதிகாரியிடம் ஹிந்தியில் ஏதோ சொன்னான். அதிகாரி தலையை ஆட்டவில்லை. கட்டைகளைக் காட்டு, விளையாடிக் காட்டு என்று உத்தரவு வந்தது.

சட்டைப் பையிலிருந்து கட்டைகளை எடுத்தேன். ஒரு மண்மூட்டையின் மேல் கொப்பியை விரித்தோம். எதிரணி மலையாளி. துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் கட்டையை உருட்ட, அதிகாரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். நான் உருட்டியதில் ஒரு கட்டை மண்ணுக்குள் விழுந்தது. பொறுக்கி எடுத்து ஓட்டம் என்றேன். முன்னேறியது. மறுபடி ஓட்டம். வெல்வதா தோற்பதா, எது நல்லது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் செய்துகொண்டிருந்தேன். அடுத்த வீட்டுக்காரனையே ஓடவிட்டேன், ஒவ்வொரு தரமும் அவன் மூச்சில் ஒன்றைக் கழித்து எழுதினேன். மலையாளி கூர்மையானவன். தன் ஆட்களை எல்லாம் இடது பக்கம் கொண்டுவந்து குவித்துவிட்டான்.

நான் ஆறாவது தரமும் "ஓட்டம்" என்றேன்.

"உனக்கென்ன விசரே!" என்று பக்கத்தில் ஒரு கத்தல். இவ்வளவு நேரமும் வேர்த்துப்போய்க் குந்தியிருந்தவன் எழும்பிவிட்டான். "அங்கை அத்தனை பேரும் நிக்கிறாங்கள், எனக்கு மூச்சு ரண்டுதான் கிடக்கு, திரும்பவும் என்னையே ஓடச் சொல்லுறாய்! மற்றவன் வலப்பக்கம் சும்மாதானே நிக்கிறான், அவனுக்குக் குடன்ரா!"

மலையாளி வாய்விட்டுச் சிரித்தான். "களி தன்னே சார், விளையாட்டுதான்" என்று அதிகாரியிடம் திரும்பி, இவன் சொன்னதை அப்படியே ஹிந்தியில் நடித்துக் காட்டினான். அதிகாரி கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் கையை வீசி, போங்கள் என்றார்.

மலையாளி கொப்பியை உடனே தரவில்லை. பெயர்கள் இருந்த தாளை மட்டும் மெல்லக் கிழித்தான். தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்த அடுப்புக்குள் அதைப் போட்டு, கருகும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். "நம்பர் போடு. பேரு வேண்டா" என்றான். அவன் யார், எந்த ஊர், பிறகு உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தானா, எதுவும் எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் அவனை நினைத்துக் கண் கலங்குகிறது.

பின்னேரம் மன்னிப்புக் கேட்க அடுத்த வீட்டுக்குப் போனேன். அவன் அதற்குள் நடந்ததைப் பகிடியாக்கி, வீட்டாருக்குச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். "என்ரை ஓட்டத்துக்குப் பத்தெண்டு போடாமல் ஒன்பதெண்டு போட்டிருக்கிறான் பாருங்கோ, அதுதான் எனக்குக் கோவம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மூலையில் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அவன் தாய் மட்டும் சிரிக்கவில்லை. கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, என்ரை பிள்ளையின்ரை பேரை ஏன் எழுதினனி?"

"விளையாட்டுக்குத்தான் மாமி" என்றேன்.

"விளையாட்டுக்கெண்டால் உன்ரை பேரையும் எழுதியிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மறுபடி வலைக்குள் குனிந்துவிட்டார்.

பதினொரு பேரை ஓட விட்ட அந்தக் கொப்பியில், அட்டையில்கூட என் பெயரை நான் எழுதியிருக்கவில்லை. ஊர் விட்டு ஊர் வந்து, நாலு பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில் இப்போது இருக்கிறேன். எந்தப் பட்டியல் எழுத உட்கார்ந்தாலும் முதல் வரியில் என் பெயரை எழுதிய பிறகுதான் அடுத்தவன் பெயருக்கு என் கை போகிறது.