சத்தம் கேட்காத அறை

பெங்களூரில் ஒரு ராத்திரி தங்குவதற்கு இளவரசி அறை தேடிக்கொண்டிருந்தது அவள் வேலை பார்க்கும் கடையில் யாருக்கும் தெரியாது. பட்டுச் சேலைகளின் கரைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுக்கும் கடை அது. மதியம் டிபன் டப்பாவை மூடிவிட்டு, கழுவிய கையின் ஈரம் காய்வதற்குள் போனை எடுத்துவிடுவாள். நீச்சல்குளம், மாடியில் உணவகம், கட்டிலின் மேல் ரோஜா இதழால் போட்ட இதயம், எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, முன்பு தங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பாள்.

கணவன் சிவராஜுக்குப் பால்கனி வேண்டும். "காலைல ரெண்டு பேரும் வெளிய உக்காந்து காபி குடிக்கணும்" என்று கம்பெனியிலிருந்து குரல் செய்தி அனுப்பியிருந்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு இரவு ஷிப்ட். அவள் வேலை முடிந்து வரும் நேரத்தில் அவன் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான். அவன் திரும்பும் நேரத்தில் அவள் தலைவாரிக்கொண்டிருப்பாள்.

பிள்ளையார்பாளையத்து வீட்டில் கூடம் முழுவதும் மாமனார் கைலாசத்தின் தறி. அதை ஒட்டிய சின்ன அறை இவர்களுடையது. அதற்குக் கதவு கிடையாது, திரைதான். பேசினால் மாமியார் கலாவதிக்குக் கேட்கும். பேசாமல் இருந்தால், "இன்னாத்துக்கு ரெண்டு பேரும் இப்படி உம்முனு இருக்கீங்க" என்று அதையும் கேட்பாள்.

மாசி மாதம் இளவரசிக்குக் கரு கலைந்தது. மூன்று மாதக் கரு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வீடு நிறைய உறவுக்காரர்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். ஒருத்தி பால் காய்ச்சிக் கொடுத்தாள். இன்னொருத்தி தலையைத் தடவி, "வயசு இருக்குதும்மா, அழுவக் கூடாது" என்றாள். இளவரசி அழவில்லை. லீவு கிடைக்காமல் சிவராஜ் மறுநாளே ஷிப்டுக்குப் போனான். அதன் பிறகு அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. எங்கே வைத்து எடுப்பது? ஒரு நாள் காலையில் அவள் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்து, "எங்கியாவது போய்ட்டு வரலாமா? நாம மட்டும்" என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கடைசியில் அவள் ஒரு சாதாரண ஓட்டலைத் தேர்ந்தெடுத்தாள். பால்கனி இல்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடம். ஆனால் யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: 'சுவர் கனமானது. பக்கத்து அறைச் சத்தம் கொஞ்சமும் கேட்கவில்லை.' அதை இரண்டு முறை படித்துவிட்டு அவனுக்கு அனுப்பினாள். சிவராஜ் பால்கனியைப் பற்றி மறுபடி பேசவில்லை. "இதையே போடு" என்று பதில் வந்தது.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது கலாவதி கேட்டாள். "அங்க போய் எங்க தங்கப்போறீங்க?"

"ஓட்டல்ல அத்தை."

கலாவதி அரிவாள்மனையை விட்டு எழுந்தே விட்டாள். "என் தம்பி வூடு அங்க இருக்கும்போது லாட்ஜுல தங்குவீங்களா? அவன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

"ஒரு ராத்திரிதானேம்மா" என்றான் சிவராஜ்.

"அதான் நானும் கேக்குறேன். ஒரு ராத்திரிக்கு லாட்ஜு எதுக்கு?"

அந்த 'எதுக்கு'க்கு அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய பதில் இல்லை. சிவராஜ் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். கைலாசம் தறியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கலாவதி அதற்குள் தம்பி காசிநாதனுக்குப் போன் போட்டிருந்தாள்.

மாமா வீட்டில் மதியம் சாப்பிட்டுவிட்டு, ஒரு சிநேகிதனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஓட்டலுக்குப் போய்விடலாம் என்று பஸ்ஸில் இருவரும் பேசிவைத்துக்கொண்டார்கள். ஆனால் பெங்களூர் பஸ் நிலையத்தில் இறங்கும்போதே காசிநாதன் நின்றிருந்தார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். "சித்தப்பா, நானே தூக்கிக்கிறேன்" என்று இளவரசி சொல்லச் சொல்ல, பையை வாங்கி ஆட்டோவில் வைத்துவிட்டார்.

அவர் மனைவி சுகாசினி புதுப் படுக்கை விரிப்பெல்லாம் வாங்கி வைத்திருந்தாள். பாயசம் வைத்திருந்தாள். மகள் சங்கீதா தன் தலையணையை இளவரசிக்கு விட்டுக்கொடுத்தாள். சாப்பாட்டு நடுவில் ஓட்டலிலிருந்து போன் வந்தது. எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்கள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ராங் நம்பருங்க" என்று வைத்துவிட்டாள். சாயங்காலம் குடும்பத்தோடு பூங்காவைச் சுற்றினார்கள். சிவராஜ் மாமாவோடு முன்னால் போனான். அன்று ராத்திரி அவன் கூடத்தில் மாமாவுக்குப் பக்கத்தில் படுத்தான். அவள் சுகாசினிக்கும் சங்கீதாவுக்கும் நடுவில் படுத்தாள். சுகாசினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷம் மூணு பேரா வருவீங்க பாரு" என்றாள்.

மறுநாள் காலையில் சிநேகிதன் பொய்யைச் சொல்லி எப்படியோ வெளியே வந்துவிட்டார்கள். ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, நேற்று நீங்கள் வரவில்லை, அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம் என்றாள். இன்று எதுவும் காலி இல்லையாம். சிவராஜ் ஒரு மணி நேரத்துக்காவது ஏதாவது கிடைக்குமா என்று கேட்டான். அந்தப் பெண்ணின் பார்வை மாறியது. அவன் காது சிவந்துபோயிற்று.

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறோம்மா" என்றாள் இளவரசி.

வாசலை ஒட்டி ஒரு சோபா. ஆட்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தபடியும் போனபடியும் இருந்தார்கள். உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கி அழுதாள். தோளில் கை போடலாமா, இத்தனை பேர் எதிரில் போடக் கூடாதா என்று தெரியாமல் சிவராஜ் கைக்குட்டையைத் தேடினான். அது பையில் இருந்தது. பை மாமா வீட்டில் இருந்தது.

"பொண்ணுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றான் அவன், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

"நானும்தான்."

வரவேற்புப் பெண் எழுந்து வந்து, என்ன பிரச்சினை, யாருக்காவது போன் பண்ணட்டுமா என்று அவளிடம் மட்டும், தாழ்ந்த குரலில் கேட்டாள். அவன் அடித்துவிட்டான் என்றே நினைத்திருக்க வேண்டும். "ஒண்ணும் இல்லீங்க, இவரு என் வீட்டுக்காரரு" என்று இளவரசி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண் நம்பாமல் பக்கத்திலேயே நின்றாள். அப்போது சிவராஜுக்குக் காசிநாதனின் போன் வந்தது. சுகாசினி வடை சுட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறாளாம், எங்கே இருக்கீங்க, நானே வந்து கூட்டிக்கினு போறேன் என்றார்.

"வந்துடறோம் மாமா" என்றான் சிவராஜ்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் அவளை முன்னால் பெண்கள் பக்கம் உட்காரச் சொன்னார். அவனுக்குக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. வேலூர் தாண்டும்வரை அவள் இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தாள். நிற்கிறவர்களின் இடுப்பும் பையும்தான் தெரிந்தன.

வீட்டுக்கு வந்ததும் சிவராஜ் சட்டையை மாற்றிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினான். கலாவதி சாதம் போட்டுக்கொண்டே, "தம்பி நல்லா கவனிச்சிக்கினானா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லா கவனிச்சிக்கிட்டாங்க அத்தை" என்றாள் இளவரசி. அது பொய்யில்லை.