வெடிப்பு மூடிய ஒன்பது நாள்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நோட்டில் எண் எழுதும் வேலை என்னைத் தேடி வரும் என்று நினைத்ததே இல்லை. இந்தத் தை மாதம் வந்தது. பட்டத்துக்காக மண் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண், பெரம்பலூர்ப் பக்கம் எங்கள் பருத்திக் காட்டு ஓரத்தில் ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் கேட்டாள். கரிசல் காய்ந்து வெடிக்கும்போது தண்ணீரும் அதில் கரைந்த உரமும் எவ்வளவு ஆழம் ஓடுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாளாம். ஐந்து இடத்தில் குச்சி நட்டாள். ஓர் இரும்பு ஸ்கேலும் ஒரு நோட்டும் கையில் கொடுத்தாள்.

"தெனம் காலையில வெடிப்பு அகலத்த அளந்து எழுதி, நோட்ட போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணே. வேற எதுவும் செய்ய வேணாம்."

எதுவும் செய்யாமல் இருப்பதுதான் எனக்கு வராது. வெடிப்பு வாய் திறந்தால் ஈரம் போகும், பருத்தி வேர் அறும். எங்கள் பக்கம் அதைக் கண்டால் கொத்திப் புழுதியால் மூடிவிட்டுத்தான் மறுவேலை. விரல் நுழைந்த இடத்தில் சில நாளில் கையே நுழைந்தது. பார்த்துவிட்டு வந்தால் சோறு இறங்காது. ஒரு நாள் காடு முழுக்கக் கொத்திக்கொண்டே வந்தவன், கை நிற்காமல் அவள் இடத்தையும் மூடிவிட்டேன். குச்சிகள் நின்றன. நடுவே அளக்க ஒன்றும் இல்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பயம். முந்தைய நாள் எண்ணோடு ஒன்றைக் கூட்டி எழுதி அனுப்பினேன். மறுநாளும் அப்படியே. ஒன்பது நாள். "ரொம்ப அழகா வருதுண்ணே" என்று அவள் பதில் போட்டாள்.

விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரி விடவில்லை. "அந்தப் புள்ள பட்டம் வாங்கப்போறதே அத வச்சுத்தான? படிச்சது எட்டாங்கிளாஸு, இதுல பொய்க்கணக்கு வேறயா?"

பத்தாம் நாள் நீலச் சாயம் கலந்த தண்ணீரை மண்ணில் ஊற்றிப் பார்க்க அவள் கேனோடு வந்து இறங்கினாள். காட்டுக்குள் போகுமுன்னே ரோட்டிலேயே மறித்துச் சொல்லிவிட்டேன்.

ரோட்டோர வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த ஒம்போது நாளுந்தான் என் கணக்கோட அச்சு அசலா ஒத்துப்போச்சு. எங்க கைடு சாருக்கே அனுப்பிட்டேன்." கேனை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "மண்ணு இவ்ளோ ஒழுங்கா நடக்காதுன்னு எனக்குத் தோணியிருக்கணும்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

ஆனாலும் ஊற்றினாள். நீர் வடிந்ததும் நான் பக்கத்தில் குழி வெட்டினேன். மேல் புழுதி முழுக்க நீலம். அதற்குக் கீழே வெடிப்பு அப்படியே திறந்து கிடந்தது. அதன் சுவரோடு நீலம் என் இடுப்பு ஆழத்துக்கு இறங்கியிருந்தது.

"மேல மட்டுந்தாண்ணே மூடியிருக்கீங்க."

சிவப்புப் பேனாவால் ஒன்பது வரிகளையும் அடித்து, 'கொத்தி மூடப்பட்டது' என்று எழுதி, என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னாள். நோட்டையும் குழியையும் படம் எடுத்து அவள் சாருக்கு அனுப்பினாள்.

"நாளைலேருந்து என்னம்மா எழுத?"

"கண்ணுல படுறத. இல்லன்னா இல்லன்னு."

மறுநாள் ஐந்து குச்சிக்கும் நேரே 'இல்லை' என்று எழுதி அனுப்பினேன். சார் என்ன சொன்னார் என்று மதியத்துக்குள் மூன்று முறை கேட்டுவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை என்கிறாள்.