துண்டுக்குள் சொன்ன சம்பளம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மாட்டுத் தரகர் காளிச்சாமி, பல்லைப் பிடித்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். மாட்டுக்கு மட்டுமில்லை, பம்புசெட்டுக்கும் பெண் கேட்டு வரும் மாப்பிள்ளைக்கும் கூட அதே சட்டம்தான். சித்தூர் காலேஜில் பி.ஏ. முடித்த மகள் கமலாத்தாள், மெட்ராஸில் ஒரு வருஷம் பத்திரிகைப் படிப்புப் படிக்கப் போகிறேன் என்றபோதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"படிச்சு முடிச்சா என்ன வெலைக்குப் போகும் அம்மிணி?"

அது கமலாத்தாளுக்கே தெரியவில்லை. ஃபீஸும் ஹாஸ்டலும் சேர்ந்து இரண்டாயிரம் ஆகும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. எழுபத்து நாலாம் வருஷத்தில் அந்தக் காசுக்கு ஒரு ஜோடி நல்ல காங்கேயம் காளை வாங்கலாம். காளிச்சாமியிடம் ரொக்கம் கிடையாது, கிணற்றடித் தோட்டம் இருந்தது. அதை அடமானம் பிடித்துக்கொண்டு ஒன்றரை வட்டிக்குப் பணம் கொடுக்க அவர் மனைவி பழனாத்தாளின் அண்ணன் கந்தப்பன் தயாராகத்தான் இருந்தார். கொஞ்சம் அதிகமாகவே தயாராக இருந்தார் என்று சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண்.

"ஏனுங்க, டீச்சர் படிப்புக்கு அனுப்புனா என்னங்க," என்றாள் பழனாத்தாள். "மாசமானா நானூறுங்கறாங்க. கடனும் அடையும், கல்யாணமும் ஆகும்."

அதில் நியாயம் இருந்தது. இருந்தாலும் பார்க்காத மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வது தரகருக்கு அழகா? மறுநாள் காளிச்சாமி சலவை வேட்டி கட்டி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறினார்.

அங்கே ஒரு பத்திரிகை ஆபீசில் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். அச்சு யந்திரத்தைக் காட்டினார்கள். சம்பளம் எவ்வளவுங்க என்று கேட்டதும் ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள். வெற்றிலை போட்டிருந்த ஒருவர், இது வேலை இல்லை, தொண்டு என்றார். தொண்டு என்ற சொல் காதில் விழுந்ததும் காளிச்சாமி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

மூலை மேஜையில் பேப்பருக்குள் தலையை விட்டிருந்த உதவி ஆசிரியர் செங்கோட்டையன் மட்டும் சிரித்துக்கொண்டே, வாங்கய்யா என்றார். பேச்சில் ஆனைமலை வாடை அடித்தது.

"பொள்ளாச்சிச் சந்தைக்கு வருவீங்களா தம்பி?" என்று காளிச்சாமி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"சின்ன வயசுல எங்கய்யன்கூட வருவனுங்க."

அது போதும். காளிச்சாமி துண்டை உதறித் தன் வலது கைமேல் போர்த்தி நீட்டினார். சந்தையில் மாட்டு விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் கையை விட்டு, எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அத்தனை. நூறா பத்தா என்பதை மட்டும் வாய் சொல்லும். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் விளங்காது. அங்கே பேசியதை வெளியே விடுகிற தரகனுக்கு அடுத்த வாரம் சந்தையில் மரியாதை இருக்காது.

செங்கோட்டையன் முதலாளியின் அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை உள்ளே விட்டார்.

"நூறுங்க," என்று இரண்டு விரலைப் பிடித்தார். "பத்துங்க," என்று நாலு விரலைப் பிடித்தார்.

இருநூற்று நாற்பது. புதிதாகச் சேர்ந்தவர் போலிருக்கிறது என்று காளிச்சாமி மனதைத் தேற்றிக்கொண்டார்.

"எத்தனை வருசமாங்க இங்க?"

"பன்னெண்டு வருசமாச்சுங்க."

காளிச்சாமி கணக்குப் போட்டார். தன் மகளுக்கு இதில் பாதி கொடுத்தால் பெரிது. மெட்ராஸ் சோற்றுக்கே அது சரியாகிவிடும். வட்டி முழுக்கத் தன் தலையில்தான். தோட்டம் கந்தப்பன் வாய்க்குள் போவது கண்ணெதிரே தெரிந்தது. அவர் கையை எடுக்காமல் மெல்லக் கேட்டார்.

"நானூறு ரூவாய்க்கு ஒரு வாத்தியார் வேலை வருதுன்னு வைங்க. இதைக் குடுத்துட்டு அதைப் புடிச்சுக்குவீங்களா?"

செங்கோட்டையன் யோசிக்கவே இல்லை. துண்டுக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டார். உருவியவர் அதே கையால் பேனாவை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பேப்பரைத் திருத்த ஆரம்பித்தார். சந்தையில் அப்படிக் கையை உருவினால் மாடு விற்பனைக்கு இல்லை என்று அர்த்தம். மேற்கொண்டு பேசுவதில் பிரயோஜனமில்லை.

திரும்பும்போது மாநில எல்லைச் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்திக் கடத்தல் அரிசி தேடினார்கள். காளிச்சாமியின் பையில் ஒன்றும் இல்லை. மறைக்க வேண்டியது அவர் உள்ளங்கையில்தான் இருந்தது.

வீடு வந்து சேர்ந்தால், கந்தப்பன் காப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்ன மாப்ள, எவ்வளவு வருமாம்?"

காளிச்சாமி மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துத் துண்டைப் போர்த்தினார். ஐந்து வயதிலேயே அவளுக்கு விரல் கணக்குத் தெரியும், அவர் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தது.

"நூறு," என்றார். "பத்து," என்றார். "பன்னெண்டு வருசத்துக்கு அப்பறம்."

கமலாத்தாளின் விரல்கள் சில்லிட்டுப் போனதை அவர் உணர்ந்தார். பழனாத்தாள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டீச்சர் வேலை," என்று காளிச்சாமி மகளின் நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தார். இந்த விலைக்கு அவள் படிந்துவிடமாட்டாளா என்று மனதுக்குள் பழனியாண்டவரை வேண்டிக்கொண்டார். பிடியைக் கொஞ்சம் இறுக்கவும் செய்தார். எந்தச் சந்தையிலும் அவர் செய்யாத வேலை அது.

கமலாத்தாள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. பிறகு கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

துண்டுக்குள் காளிச்சாமியின் உள்ளங்கை காலியாகிவிட்டது. பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்துக்குள்ளேயே, தன்னிடம் படியாத ஒன்றைத் தானே வளர்த்திருக்கிறோம் என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"மச்சான், நாளைக்கே அடமானப் பத்திரம் எழுதிக்கலாமுங்க," என்றார்.

"எழுதலாம். சம்பளம் எவ்வளவுன்னு சொல்லவே இல்லையே?"

காளிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வெல பேசி முடிஞ்சுதுங்க மச்சான்."