மோகன் மாஸ்டரின் போனில் கேட்காத சத்தம்

அந்தச் செய்தி எங்கள் பாடசாலை ஆசிரியர்களின் வட்சப் குழுவில்தான் வந்தது. காலைப் பிரார்த்தனை முடிந்து வகுப்புக்குப் போகும் வழியில் பார்த்தேன். சங்கீத ஆசிரியர் மோகனதாஸ் மாரடைப்பினால் டிக்கோயா ஆஸ்பத்திரியில் காலமானார். அதற்குக் கீழே கைகூப்பிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. ‘மலையகத்தின் இசைமேதை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை எழுதியவர் யாரென்று, தோட்டத்தில் மோகனோடு பழகிய உங்களில் பலருக்குத் தெரியும். போனில் செய்த பாட்டெல்லாம் ஒரு பாட்டா என்று கேட்டு, விழா நிகழ்ச்சி நிரலிலிருந்து மோகனின் பாட்டை வெட்டியவர் அவர்தான்.

எனக்கு அழுகை வரவில்லை. இனி அந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் போய் யார் பதிவு செய்வார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அவரும் ஒரே பாடசாலையில் நெடுங்காலம் வேலை செய்தோம். நான் தமிழ், அவர் சங்கீதம். திருவிழா, கல்யாணம், பிரியாவிடை என்று அவர் மெட்டுப் போட்ட பாட்டுகளில் பாதிக்கு மேல் என் வரிகள். வெளியே வரும்போது அவர் பெயர் மட்டும் இருக்கும். ஒருமுறை நேராகவே கேட்டேன்.

“போன் ஸ்கிரீன் சின்னதுங்க சேர். ரெண்டு பேரப் போட்டா எழுத்துத் தெரியாது” என்றார், சிரிக்காமல்.

நான் அதை இன்னும் மன்னிக்கவில்லை. ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்காக மன்னித்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எங்கள் பெரிய சண்டை வேறு. நாங்கள் இசை அமைக்கப் பயன்படுத்திய மென்பொருள் போனுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று இரண்டு வடிவங்களில் வருகிறது. ஹட்டனில் என் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரில் அது இருக்கிறது, இரண்டு பெரிய ஸ்பீக்கர்களுடன். மோகன் கடைசிவரை போனை விடவில்லை. போனில் செய்த வேலையைக் கம்ப்யூட்டரில் திறக்கலாம். கம்ப்யூட்டரில் ஒருமுறை கைவைத்ததைத் திரும்பப் போனுக்குக் கொண்டுவர முடியாது. இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: “போனா திரும்பி வராதுங்களா? கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன பயலுகளாவது தீவாளிக்கு வருவானுக.”

“இயர்போன்ல அடியில ஓடுற தாழ்ந்த சத்தம் கேக்காது, மாஸ்டர். நீங்க பாதிப் பாட்டைத்தான் கேக்குறீங்க” என்றேன்.

“மீதிப் பாதியக் கேட்டு என்னங்க செய்யப் போறோம்? எங்க லயத்துல காத்தடிச்சாலே கரண்ட் போயிடும். ஒங்க கம்ப்யூட்டரத் தோள்ல தூக்கிட்டு நான் காமன் கூத்துக்குப் போகவா?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவருடைய பாட்டுகளில் கேட்ட தப்புப் பறையும் உறுமி மேளமும் போன் போன இடத்தில்தான் கிடைத்தன. ஒரு வருடம் காமன் கூத்தின்போதும் அப்படித்தான் பதிவு செய்தார். அவர் குடியிருந்த மேல் டிவிசன் லயம் மலையை வெட்டிக் கட்டியது. பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் மழைத்தண்ணீர்க் கான் ஒன்று ஓடும் அகலம்தான் இடைவெளி. காற்றுச் சத்தம் இல்லாத இடம் என்று, தப்படிப்பவர்களை அங்கே நிறுத்தி, போனை மண்மேட்டில் சாய்த்து வைத்திருக்கிறார். ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும் என்பதால் நடுநடுவே நிறுத்தி, நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சுவார்கள். அந்த நேரமும் போன் ஓடிக்கொண்டே இருந்தது. நெருப்புச் சத்தம் நன்றாக இருக்கிறது என்று அதையும் எடுத்துத் திருவிழாப் பாட்டின் அடியில் போட்டார்.

திருவிழாவில் பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ்களில் அந்தப் பாட்டு ஒலித்தது. சவுண்ட் செட்காரர் மேடைக்கு அருகில் வந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “மாஸ்டர், ஒங்க பாட்டுக்குள்ள லொறி ஒண்ணு மேடு ஏறுது.”

“ஒன் பொக்ஸு ஓட்டையா இருக்கும்ப்பா” என்றார் மோகன்.

“பொக்ஸு புதுசுங்க. பாட்டுதான் லோடோட வந்திருக்கு.”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். இயர்போனை நம்பினால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லவும் செய்தேன். மோகன் போனைக் கழற்றி எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முறைப்பாகவே என் வீட்டுக்கு வந்தார். பாட்டைக் கம்ப்யூட்டரில் திறந்தோம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தப்புக் காய்ச்சும் பகுதியை மட்டும் ஓடவிட்டேன். சுள்ளி வெடித்தது. யாரோ இருமினார். இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. பெரிய கல்லின் மேல் இன்னொரு கல்லை வைத்து மெதுவாக நகர்த்துவதுபோல. நின்றது. மறுபடி வந்தது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

“கரண்ட் வயர்ல இருந்து வந்திருக்கும்” என்றேன்.

“அன்னைக்கு லயத்துல கரண்டே இல்லைங்க.”

“அப்போ லொறிதானோ?”

“அந்தப் பக்கம் ஏது ரோடு?” என்றார். பிறகு ஸ்பீக்கரின் முன்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். “சேர், போன மழைக்குப் பின்சுவர்ல ஒரு வெடிப்பு விழுந்துச்சு. பூசிட்டோம். போன மாசம் அதே எடத்துல மறுபடி விழுந்திருக்கு. அந்த மண்மேடு நகருதோ என்னமோ.”

அதே பகுதியைப் போனில் போட்டுப் பார்த்தோம். சுள்ளி வெடித்தது, இருமல் கேட்டது, வேறொன்றும் இல்லை. அவ்வளவு தாழ்ந்த சத்தத்தைச் சொல்ல அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு வாய் கிடையாது. நான் ஊற்றிய தேநீரைக் குடிக்காமல் அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் இருவரும் தோட்டத்து ஒபீசுக்குப் போனோம். பெரிய கிளாக்கர் போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார்.

“நெருப்பு எரியுது. யாரோ இருமுறாங்க. அவர டிஸ்பென்சரிக்கு அனுப்புங்க மாஸ்டர்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

பெரிய ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும், ஹட்டனுக்கு வாருங்கள், அல்லது ஸ்பீக்கரை இங்கே கொண்டுவருகிறேன் என்றேன். பாட்டுக் கேட்கத் தோட்ட மனேஜர் துரைக்கு நேரமில்லை என்றார். நான் அந்தக் கிளாக்கரை மறக்கவில்லை. மோகனின் அடக்கத்துக்கு வந்த மலர்வளையங்களில் மிகப் பெரியது அவர் கொண்டுவந்தது.

மோகன் சும்மா இருக்கவில்லை. போனிலேயே அந்தச் சத்தத்தை இரண்டு ஸ்தாயி மேலே ஏற்றினார். இப்போது எந்தப் போனிலும் அது கேட்டது. உறக்கத்தில் ஒருவர் பல்லைக் கடிப்பதுபோல இருந்தது. லயத்தில் எல்லாருடைய போனுக்கும் அது போனது. கேட்டவர்கள் சிரிக்கவில்லை. அந்த வாரம் மழை பிடித்தபோது சில குடும்பங்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு பாடசாலை மண்டபத்தில் வந்து படுத்தன. அதனால்தான் துரை எங்களைக் கூப்பிட்டார்.

“நீங்கதானே பாட்டுச் செய்யிறவர்?” என்று மோகனைக் கேட்டார். “இதும் நீங்க செஞ்சதுதானே?”

“செய்யலைங்க சேர். ஒசத்தினேன். அவ்வளவுதான்.”

“ஒசத்தினா செஞ்சதுதான்.”

உள்ளது உள்ளபடி கொடுத்தால் காதில் விழவில்லை. காதில் விழும்படி கொடுத்தால் செய்தது என்றார்கள். வேறு யாராவது கொண்டுபோயிருந்தால் நம்பியிருப்பார்களோ என்னவோ. பாட்டுக்காரர் கொண்டுபோனதால் அது பாட்டாகிவிட்டது. வதந்தி பரப்பினால் பொலிசுக்குப் போக வேண்டிவரும் என்று கிளாக்கர் வாசல்வரை வந்து சொன்னார். மழை விட்டதும் ஆட்கள் பாய்களைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கே திரும்பினார்கள். வேறு எங்கே போவார்கள்? காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் விழ வேண்டும், பிள்ளைகள் சாப்பிட வேண்டும்.

அதன் பிறகு மோகன் பாட்டுச் செய்யவில்லை. இது உங்களில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மழைக்கும் போனை அதே மண்மேட்டில் வைத்துப் பதிவு செய்து, அப்படியே என் கம்ப்யூட்டருக்கு அனுப்பினார். “இதுக ஒங்ககிட்டயே இருக்கட்டும் சேர். போன்ல இருந்தா எனக்கு ஒண்ணும் இல்லைன்னுதான் தோணுது” என்றார். கேட்டதை நானும் அவருக்கு அப்படியே சொல்லிவந்தேன். பதிவுகளை ஒன்றின்கீழ் ஒன்றாகத் திரையில் அடுக்கி வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் இரண்டு உறுமலுக்கு நடுவில் நீண்ட அமைதி உண்டு. கீழே வரவர அந்த அமைதி சுருங்குகிறது. கடைசிப் பதிவில் அமைதியைத் தேட வேண்டியிருக்கிறது.

அடக்கத்தன்று நீங்கள் எல்லாரும் அந்த லயத்தில்தான் நின்றீர்கள். முன்வாசல் கொள்ளாமல் பலர் பின்பக்கத்துக் கானோரம் வரை நின்றார்கள். முன்னால் வரச் சொன்னேன். “சாவு வீட்டுல வந்து பயமுறுத்தாதீங்க சேர்” என்றார் ஒருவர். இப்போது லயத்துக்குக் கீழே உள்ள மைதானத்தில் நினைவுக்கூட்டம் வைக்கப்போகிறார்கள். துரை தலைமை. என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் வரவில்லை. நீங்களும் அந்த மைதானத்துக்குப் போகாதீர்கள்.

மோகனின் மனைவி பாக்கியம் போன வாரம் பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வந்தார். அவருடைய பாட்டு ஏதாவது இருந்தால் போடச் சொன்னார். பாட்டும் போட்டேன், பிறகு கடைசிப் பதிவையும் என்னவென்று சொல்லிவிட்டுப் போட்டேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“இதத்தான் அவரு ராவும் பகலும் சொல்லிக்கிட்டு இருந்தாருங்களா?”

“இதத்தான்.”

“எனக்கு ஒருநாளும் கேட்டதில்லைங்க. பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நெனச்சேன்.” ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, “இன்னொருக்காப் போடுங்க சேர்” என்றார்.

மோகனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த மண்ணின் பதிவுகள்தான். அவற்றில் நான் எதையும் ஏற்றவில்லை, இறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் முன்னறை திறந்திருக்கும். மேல் டிவிசனில் குடியிருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். பாக்கியம் கேட்டார். கேட்ட பிறகு அவர் பிள்ளைகளோடு லயத்துக்குத் திரும்பிப் போகவில்லை.