ஆடியில் வைத்த நிலை

அரசாங்கம் எனக்கு வீடு கொடுத்தது என்று யாராவது சொன்னால் பற்றிக்கொண்டு வரும். கொடுக்கவில்லை, நான் வாங்கினேன். மூன்று கிராம சபைகளில் எழுந்து நின்று கேட்டு வாங்கினேன். முதல் முறை, "உங்க கொழுந்தனார் ரேஷன் கார்டுலதான உங்க பேரும் இருக்கு, அவருக்குத்தான் வீடு இருக்கே" என்றார்கள். செத்துப்போன புருஷனின் தம்பி வீட்டு ஓடு எப்படி என் தலைக்குக் கூரையாகும்? இரண்டாம் முறை, ஆம்பளைத் துணை இல்லாமல் இவள் எங்கே கட்டி முடிக்கப்போகிறாள் என்றார்கள். மூன்றாம் முறை மைக்கை வாங்கிக்கொண்டு உட்கார மறுத்துவிட்டேன். ஒழுகுகிற குடிசை, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற மகள், வேடசந்தூர் மில்லில் ஷிப்ட் வேலை, இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும் என்று கேட்டேன். அடுத்த பட்டியலில் என் பெயர் இருந்தது. மனைப்பட்டாவும் என் பெயரில்தான், பெண்கள் பெயரில்தான் கொடுக்கிறார்கள். அந்த ஒரு நல்ல விதிக்காக அவர்களுடைய மற்ற கிறுக்குத்தனங்களை நான் பொறுத்துக்கொள்வேன்.

அவர்கள் காட்டிய வரைபடத்தின்படி கட்டினால் மேற்கே நிற்கும் வேப்பமரம் போய்விடும். கொழுந்தனாருக்கு அதில் சந்தோஷம். வெட்டி வாசல் நிலைக்கு ஆக்கிக்கொள்ளலாம் என்றார். எங்கள் பக்கத்து வெயிலில் கான்கிரீட் வீடு சாயங்காலத்துக்குள் அடுப்பாகிவிடும், மரம் இருந்தால்தான் உள்ளே மனுசர் இருக்க முடியும். வீட்டை நாலடி கிழக்கே தள்ளிக் கட்டச் சொன்னேன். நிலையைத் திண்டுக்கல்லில் ஒரு பழைய மரச்சாமான் கடையில் பார்த்து வாங்கி, லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். யாரோ இடித்த வீட்டு நிலை, ஆனால் நல்ல தேக்கு.

"இடிச்ச வீட்டு நிலை குடும்பத்துக்கு ஆகாது மதினி" என்றார் கொழுந்தனார். வீட்டு உத்தரவு வந்த நாளிலிருந்து அவருக்கு என் குடும்பத்தின் மேல் ஒரே பாசம். காரணம் ஊருக்கே தெரியும். "அண்ணன் மகளக் கட்டிக்கொடுத்து அனுப்பிட்டா அந்த வீடு என் பையனுக்குத்தான்" என்று டீக்கடையில் சொல்லி வைத்திருந்தார்.

அஸ்திவாரத்துக்கு மேல் பேஸ்மட்டம் முடிந்தபோது ஆனி முடிய மூன்று நாள்தான் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் யாரும் நிலை வைக்க மாட்டார்கள். அவசர அவசரமாக நாள் பார்த்தோம். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஓவர்சியர் வந்து, வீட்டுக்கு உரியவரை முன்னால் நிறுத்திச் செல்போனில் படம் எடுத்து ஏற்ற வேண்டும், அதன்பிறகுதான் அடுத்த வேலையைத் தொட வேண்டும் என்பது விதி. முகூர்த்தம் தப்பிவிடுமே என்ற பயத்தில் படத்தை அத்தனை பேரும் மறந்துபோனோம்.

விடிகாலையில் நிலைக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாவிலை கட்டினார்கள். நவதானியத்தைக் கீழே போட்டு, கொழுந்தனாரும் அவர் பெண்டாட்டியும் ஜோடியாகப் பால் ஊற்றி நிலையை நிறுத்தினார்கள். "நீங்க செத்த நேரம் அங்கிட்டு நில்லுங்க மதினி" என்று என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தாலி இல்லாதவள் பார்வை படக் கூடாதாம். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊரையே கேள்வி கேட்டவள், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஊரை எதிர்த்துப் பேசிவிடலாம், சொந்தக்காரனை எதிர்த்துப் பேசத்தான் நாக்கு எழுவதில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

ஆடி இரண்டாம் தேதி ஓவர்சியர் வந்தார். சின்ன வயசுப் பெண். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நிலையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"என்னக்கா இது, படம் எடுக்குறதுக்கு முன்னாடியே நிலை வச்சுட்டீங்க? பேஸ்மட்டம் படத்துல நிலை தெரிஞ்சா மேல இருக்கவங்க திருப்பி அனுப்பிருவாங்க. எடுத்துருங்க, எடுத்துட்டு மறுபடி வச்சுக்கங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஏத்தலேன்னா உத்தரவு ரத்தாகி அடுத்த ஆளுக்குப் போயிரும்."

"வச்ச நிலையைப் பிடுங்குனா வீடு வெளங்குமாம்மா?" என்று கொழுந்தனார் கத்தினார். கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். "ஆடியில நான் நிலையத் தொட மாட்டேன் தங்கச்சி. எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

விதி எழுதினவருக்கு ஆனியும் தெரியாது, ஆடியும் தெரியாது. அவரைத் திட்டத்தான் முதலில் வாய் வந்தது. பிறகு என் வாசலைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். நிலை நட்ட கொழுந்தனார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வீடே போனாலும் போகட்டும் என்றுகூட அவர் நிற்பார், நிலையைத் தொட மாட்டார். இழப்பு அவருடையது இல்லையே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் எடுக்குறேன். எனக்கு வர வேண்டிய கெடுதல்லாம் வந்துருச்சு. இனிமே புதுசா வர என்ன இருக்கு?"

கடப்பாரையை எடுத்தேன். கட்டியிருந்த இரண்டு வரிசைச் செங்கலைத் தட்டி எடுத்து, முட்டுக்கட்டையை உருவி, மகளும் நானுமாக நிலையைச் சாய்த்துத் தரையில் படுக்கவைத்தோம். தினமும் தண்ணீர் ஊற்றியதில் அடியில் போட்ட தானியத்தில் பச்சைப்பயறு முளை விட்டிருந்தது. வெறும் பேஸ்மட்டத்தின் நடுவில் போய் நின்றேன்.

"அசையாம நில்லுங்கக்கா" என்றார் ஓவர்சியர். அசையவே இல்லை. அந்தப் படம் இப்போதும் ஏதோ ஒரு அரசாங்கக் கம்ப்யூட்டரில் இருக்கும். வேர்வையும் சிமெண்ட் தூசியுமாக, பேய் மாதிரி இருப்பேன்.

ஆவணி வரைக்கும் காத்திருக்கலாம் என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். நாலரைக்கு மில் பஸ் வந்தது. என்னோடு வேலை பார்க்கும் மூன்று பெண்களைக் கூப்பிட்டேன். ஒருத்தி புருஷனை விட்டு வந்தவள், ஒருத்திக்குக் கல்யாணமே ஆகவில்லை, ஒருத்தி என்னைப் போல. டிபன் வாளியை வேப்பமரத்தில் மாட்டிவிட்டு வந்தார்கள். கொத்தனாரிடம், "நீங்க நிலையைத் தொட வேணாம்ணே. தூக்குக்குண்டைப் பிடிச்சு நேரா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். குண்டுக்கு ஆடி உண்டா என்று அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு பிடித்தார். "இடது பக்கம் ஒரு நூல்... போதும், போதும்." மகள் கலவையைக் குழைத்துக் கொடுத்தாள். செங்கலை நானே வைத்தேன். மஞ்சளும் நான்தான் பூசினேன், பொட்டும் நான்தான் வைத்தேன்.

கொழுந்தனார் தெருவில் நின்றபடி நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னார். "ஆடி மாசம், அதுவும் தாலியறுத்தவ கையால வச்ச நிலை. இந்த வீட்டுக்குள்ள எவன் வருவான்?"

நான் நிலைக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

"வாரவங்க என்னைக் கேட்டுட்டு வரட்டும் தம்பி. அதுக்குத்தான் வாசல் வச்சிருக்கேன்."