விலகி நின்ற சிவப்பு

டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று குருபோங்கில் சொந்தப் பட்டறை, சொந்த லாரி. மலாக்காவில் எத்தனையோ கோயில் திருவிழாச் சட்டைகள் என் சில்க்ஸ்கிரீன் சட்டத்தில், துணித்திரை வழியாக மை இழுத்து, அச்சானவைதான். யார் தயவும் இல்லாமல் கட்டியது.

ஓவியர் மாலதி தன் கண்காட்சிக்காக என் பட்டறையில் அச்சடிக்க வந்தார். ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டும் ஒரு பெண்ணின் முகம். கறுப்பு அடித்துக் காய்ந்த தாள்களின் மேல் சிவப்பு ஏற வேண்டும். ஒரு தாள் அடித்துவிட்டுச் சாப்பிடப் போனார். பார்த்தால், சிவப்பு, கறுப்புக் கோடுகளை விட்டு விலகிக் கிடந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சட்டத்தைச் சரியாகப் பொருத்தி, மிச்சத்தை எல்லாம் நானே அடித்து முடித்தேன்.

திரும்பி வந்தவர் தலையில் கை வைத்தார்.

"அங்கிள், யாரு உங்கள திருத்தச் சொன்னா? தோட்டத்த மூடுனப்ப அந்தம்மா பட்ட பதற்றம் தெரியணும்னுதான் விலக்கி அடிச்சேன்லா!"

"கோணலா அடிச்சா கோயில் கமிட்டி என் மூஞ்சியிலயே வீசிருவாங்கம்மா."

"இது கோயில் சட்டை இல்ல அங்கிள். நாளைக்குக் கண்காட்சி!"

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையது அடையாள அட்டைப் படம். அவருடையதில் அந்தப் பெண் எங்கே போவதென்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். பொருத்தமாக அடிப்பதுதான் வேலை என்று அதுவரை நம்பியிருந்தேன்.

புதுத் தாளில் கறுப்பிலிருந்து தொடங்கினோம். அவர் தாளை விலக்கி வைக்க, நான் மை இழுத்தேன்.

கண்காட்சியில் படத்துக்குக் கீழே அவர் பெயர் மட்டும் இருந்தது. அன்றிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. மாலதிம்மா, படம் உன்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். மை இழுத்தவன் பெயரையும் கீழே போடு.